வளையத்தில் ஓர் இடைவெளி

அடுப்பில் கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைப் பார்த்திராத இல்லம் இல்லை. நீர் கொதித்ததும் மூடி சற்றே எழும். ஓரத்தில் ஆவி சீறிப் புறப்படும். மூடி மீண்டும் தன் இடத்தில் விழும். மூடியைத் தூக்கும் வலிமை அந்த ஆவிக்கு உண்டு. ஆயினும் ஓரத்தில் ஓர் இடுக்கைக் கண்டதும் அது அவ்வழியே தப்பி, காற்றோடு கலந்து வீணாகிவிடுகிறது. நீராவிப் பொறியின் வரலாற்றில் பெரும்பகுதி, இந்த ஓரத்து இடுக்கோடு மனிதன் நடத்திய போராட்டமே எனலாம்.

சிறிய நீராவிப் பொறிகளைக் கையால் செய்து ஓட்டிப் பார்ப்பது நமது நெடுநாளைய பொழுதுபோக்கு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைச் சிலிண்டர், அதனுள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன், விரல் நீளத்தில் ஒரு தண்டு, சுழல்வதற்கு ஒரு சக்கரம், இவ்வளவே அப்பொறி. அது நீர் இறைக்காது, மாவு அரைக்காது. "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அப்பொறியில் நாம் கண்ட ஓர் உண்மை, சென்ற ஆண்டு நம் குடும்பத்தில் எழுந்த ஒரு சிக்கலின்போது நமக்குக் கைகொடுத்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

முதலில் பொறியைப் பற்றிச் சில சொற்கள். சிலிண்டர் என்பது உட்புறம் வழுவழுப்பாகக் கடையப்பட்ட உருளைக் குழல். அதனுள் பொருந்தி ஓடும் உலோக வட்டையே பிஸ்டன். பாய்லரிலிருந்து வரும் நீராவி பிஸ்டனின் ஒரு பக்கத்தை அழுத்த, பிஸ்டன் ஓடி, தண்டைத் தள்ளி, சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதில் இடர்ப்பாடு ஒன்று உண்டு. பிஸ்டன் சிலிண்டரின் சுவரோடு இறுகப் பொருந்தினால் உராய்வு மிகுந்து பொறி நின்றுவிடும். தளர்வாகப் பொருந்தினால் நீராவி சுவரோரமாக மறுபக்கம் சென்றுவிடும். பிஸ்டனோ அசையாது கிடக்கும்.

பொறி சிறிதாகச் சிறிதாக இவ்விடர் பெரிதாகிறது என்பதே வியப்பு. 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டன் ஒன்றைச் சுற்றிலும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அது மெல்லிய தலைமயிர் ஒன்றின் கனமே. ஆனால் பிஸ்டனின் சுற்றளவு ஏறத்தாழ 37.7 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1.9 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு வழி திறந்திருக்கிறது. பிஸ்டனின் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் துளையிட்டு வைத்ததற்கு இது சமம். இத்தகைய சிறு பொறிக்குள் நீராவி நுழையும் வாயிலே அதைவிடப் பெரிதும் அகன்றதன்று. அதே இடைவெளி 500 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்றைச் சுற்றி இருந்தால், அதன் பரப்போடு ஒப்பிடும்போது அக்கசிவு ஒரு பொருட்டாகாது. கணக்கிட்டுப் பார்த்தால் சிறு பொறிக்கு நேரும் இழப்பு, பெரிய பொறிக்கு நேர்வதைப்போல் 40 மடங்குக்கும் மேற்படுகிறது. பெரிய இடத்தில் பொறுத்துக்கொள்ளப்படும் சிறு பிளவு, சிறிய இடத்தில் அனைத்தையும் நிறுத்திவிடும்.

இவ்விடுக்கினால் பட்ட துன்பத்திற்கு ஜேம்ஸ் வாட் அவர்களின் வாழ்க்கையே சான்று. அவருக்கு முன்னரே, 1712-ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டின் டார்ட்மவுத் நகரத்து இரும்பு வணிகர் தாமஸ் நியூகோமன் என்பவர், சுரங்கத்து நீரை இறைக்கும் பொறியை நிறுவியிருந்தார். அவருடைய சிலிண்டர்கள் அத்துணைச் செம்மையாகக் கடையப்பட்டவை அல்ல. ஆதலின் பிஸ்டனின் விளிம்பில் தோலைப் பொருத்தி, அதன்மேல் சிறிது தண்ணீரை நிற்கச் செய்தார். அந்தத் தண்ணீர் இடுக்கை மூடிக்கொண்டது. எளிய வழிதான்; ஆனால் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் குளிர்ந்து, மீண்டும் சூடேற வேண்டியிருந்தமையால் நிலக்கரி மிகுதியாகச் செலவாயிற்று.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இப்பொறியின் சிறு மாதிரி ஒன்று இருந்தது. அதன் சிலிண்டர் 2 அங்குலக் குறுக்களவே கொண்டது. சில முறை ஓடிவிட்டு நின்றுவிடும் அந்த மாதிரியைப் பழுதுபார்க்கும் பணி, 1763-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவராயிருந்த வாட் அவர்களிடம் வந்தது. உலகை மாற்றிய பெரும் பொறியின் தொடக்கம், மேசைமேல் வைக்கத்தக்க இந்தச் சிறு மாதிரியே. அது ஏன் நிற்கிறது என்று ஆராய்ந்தவர், 1765 மே மாதத்து ஞாயிறு ஒன்றில் கிளாஸ்கோ பசும்புல்வெளியில் உலவிக்கொண்டிருக்கையில் விடையைக் கண்டார். நீராவியைத் தனிக் கலம் ஒன்றிற்குக் கொண்டுசென்று குளிர்வித்தால், சிலிண்டர் எந்நேரமும் சூடாகவே இருக்கலாமன்றோ?

எண்ணம் ஒரே நாளில் பிறந்தது. அதனை இயங்கச் செய்யப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. காரணம், அந்தப் பாழும் இடுக்கே. சிலிண்டர் சூடாயிருக்க வேண்டுமாயின் பிஸ்டனின்மேல் தண்ணீரை நிறுத்த இயலாது. ஆதலின் தோல், துணி, தக்கை, அட்டை, சணல் நார் என்று கைக்கு எட்டியவற்றையெல்லாம் வாட் அவர்கள் வைத்துப் பார்த்தார். குதிரைச் சாணத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கின்னீல் என்னும் இடத்தில் அமைத்த 18 அங்குலச் சிலிண்டரின் உட்புறம் சரியான வட்டமாக அமையவில்லை. ஓரிடத்தில் பொருந்தினால் மற்றோரிடத்தில் நீராவி சீறியது. உதவி செய்த கூட்டாளி ஜான் ரோபக் 1773-இல் கடனால் நொடித்துப் போனார். வயிற்றுப் பிழைப்புக்காக வாட் அவர்கள் கால்வாய்களுக்கு நில அளவை செய்யும் வேலையை மேற்கொண்டார்.

இங்கே குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டிய பெண்மணி ஒருவர் உண்டு. 1764-இல் வாட் அவர்களை மணந்த மார்கரெட் மில்லர் அம்மையாரே அவர். பொறியைப் பற்றிய கவலையில் கணவர் சோர்ந்திருந்த 1768-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதத்தில், இது கைகூடாவிட்டால் வேறொன்று கைகூடும் என்றும், மனம் உடைய வேண்டாம் என்றும் தேற்றியிருந்தார். 1773 செப்டம்பரில், கணவர் வடபகுதியில் அளவைப் பணியில் இருந்தபோது, அந்த அம்மையார் பிள்ளைப் பேற்றில் இறந்துபோனார். பொறி ஓடியதை அவர் காணவில்லை.

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு ஆலைத் தலைவர், பீரங்கிக் குழல்களைச் செம்மையாகக் குடையும் முறை ஒன்றுக்கு 1774-இல் காப்புரிமை பெற்றிருந்தார். அக்கலையைச் சிலிண்டருக்குத் திருப்பி, குடையும் தண்டை இருமுனையிலும் தாங்கி நிறுத்தி, உண்மையான வட்டக் குழலை அவர் கடைந்து தந்தார். 1776 மார்ச் மாதத்தில் டிப்டன் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 50 அங்குலச் சிலிண்டருடன் வாட் அவர்களின் பொறி இயங்கத் தொடங்கியது. அச்சிலிண்டரின் பிழை, பழைய ஷில்லிங் நாணயம் ஒன்றின் கனத்தைக்கூட எட்டவில்லை என்று அவருடைய புதிய கூட்டாளி மாத்யூ போல்டன் மகிழ்ந்து எழுதினார். வாள்கள் கலப்பைக் கொழுவாகும் நாளை இசையாஸ் இறைவாக்கினர் கண்டாரே, அதனை இச்செய்தி நமக்கு நினைவூட்டுகிறது. வில்கின்சன் பீரங்கி செய்வதை விட்டுவிடவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் கொல்வதற்குக் கற்ற கலை வாழ்விக்கவும் உதவிற்று.

சிலிண்டர் வட்டமாயிற்று. பிஸ்டனைச் சுற்றிச் சணல் நாரையும் விலங்குக் கொழுப்பையும் திணித்து இடுக்கை அடைத்தார்கள். ஆனால் நார் தேயும். அடிக்கடி இறுக்க வேண்டும். இன்னும் ஒரு படி எஞ்சியிருந்தது. ஆங்கில இரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1852-இல் அதனைக் கடந்தார். பிஸ்டனின் விளிம்பில் மெல்லிய பள்ளங்களை வெட்டி, அவற்றில் உலோக வளையங்களை இட்டார். வளையம் சிலிண்டரைவிடச் சற்றுப் பெரிது. ஆனால் ஓரிடத்தில் வெட்டப்பட்டது. அழுத்திச் சிறிதாக்கி உள்ளே செலுத்தினால், விரிய முயன்று சுவரைத் தானாகவே தழுவிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் நீராவி இரயிலிலும், மோட்டார் சைக்கிளிலும், பேருந்திலும் இன்றுவரை ஓடுவது வெட்டப்பட்ட அந்த வளையத்தின் வழித்தோன்றல்களே.

மாதிரிப் பொறி செய்வோர் இந்த வரலாறு முழுவதையும் தம் மேசையிலேயே மீண்டும் வாழ்ந்து பார்க்கிறார்கள். மிகச் சிறிய விளையாட்டுப் பொறிகளில் வளையமே கிடையாது. பிஸ்டனையும் சிலிண்டரையும் நுண்ணிய பொடியால் ஒன்றோடொன்று தேய்த்து மெருகேற்றிவிட்டால், இடையே நிற்கும் எண்ணெய்ப் படலமே நீராவியைத் தடுத்துவிடும். அதனினும் சற்றுப் பெரிய பொறிகளில், பிஸ்டனின் பள்ளத்தில் கிராஃபைட் தடவிய நூலைச் சுற்றுவார்கள். முற்காலத்தில் அதற்குக் கல்நார் நூலையே பயன்படுத்தினார்கள். கல்நார்த் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை இன்று அறிவோம். ஆதலின் பழைய பெட்டியில் அத்தகைய நூல் கிடந்தால் அதனைத் தொடாதிருப்பதே நலம்.

பிறகு ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் வந்தது. இதன் இயல்பை அறிய நம் வீட்டுச் சைக்கிள் பம்பை நினைத்தால் போதும். அதன் தோல் வாஷர் தளர்வாகத்தான் இருக்கும். அழுத்தும்போது காற்றே அதன் ஓரத்தை விரித்துச் சுவரோடு சேர்க்கும். இழுக்கும்போது அது விட்டுக்கொடுக்கும். ஓ-ரிங்கும் அவ்வாறே. அதனை மெல்ல நெருக்கினால் போதும். அதன் பள்ளம் வளையத்தைவிடச் சற்று அகலமாயிருக்க வேண்டும். நீராவி பள்ளத்துக்குள் புகுந்து வளையத்தை ஒருபுறமாகத் தள்ளிச் சுவரோடு அழுத்திவிடும். புதிதாகச் செய்பவர்கள் கசிவுக்கு அஞ்சி வளையத்தை இறுக நெருக்குவார்கள்; பொறி ஓடாது. வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். காற்றழுத்தத்தைவிட 3 பார் மிகுந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 143 டிகிரி. சாதாரண ரப்பர் அதில் விரைவில் கெட்டியாகி வெடிக்கும். ஆதலின் வெப்பம் தாங்கும் வைட்டான், டெஃப்லான் போன்றவற்றை நாடுகிறார்கள்.

ஆயினும் நெடுநாள் உழைப்பது ராம்ஸ்பாட்டம் அவர்களின் வழியில் செய்த வார்ப்பிரும்பு வளையமே. அதனைச் செய்யும்போது முதலில் மனம் ஒப்பாது. லேத்தில் பல மணி நேரம் உழைத்துக் குற்றமற்ற முழு வட்டமாகக் கடைந்ததைக் கையில் எடுத்து, ஓரிடத்தில் அறுத்துவிட வேண்டும்! அறுக்காவிட்டால் அது பள்ளத்திலும் ஏறாது, சுவரையும் தழுவாது. அறுத்த முனைகள் ஒன்றையொன்று தொடவும் கூடாது. 25 மில்லிமீட்டர் வளையத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது நம் வழக்கம். குளிர்ந்திருக்கும்போது அவ்விடைவெளி வீணாகவே தோன்றும். நீராவி வந்து வளையம் சூடேறி நீளும்போதுதான் அதன் தேவை விளங்கும். முனைகள் முட்டிக்கொண்டால் வளையம் சிலிண்டரைக் கீறும். இல்லையேல் தானே உடையும். வெப்பம் ஏறும் வேளைக்காகவே அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது.

இனி, தொடக்கத்தில் குறித்த நம் இல்லத்துச் செய்திக்கு வருவோம். நம் மகனுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பேரன் இருக்கிறான். மருமகள் மருத்துவமனையில் செவிலி. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. நம் வீடு சிறியது. உறவினரும் அண்டை வீட்டாரும் வந்துபோகும் வீடு. சென்ற ஆண்டு ஒரு நாள் மகன் தயங்கித் தயங்கி, அடுத்த தெருவில் வாடகைக்கு ஒரு சிறு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். நம்மோடு வாழும் மூத்த சகோதரியாருக்கு அது இடி விழுந்ததுபோல் இருந்தது.

"வெளியூரில் வேலை என்றால் போகட்டும், தம்பி. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், ஒரே மகனுக்குத் தனி அடுப்பா? ஊர் என்ன சொல்லும்?" என்று அவர் கண் கலங்கினார்.

நம் துணைவியார் அமைதியாகச் சொன்னார்: "ஊர் சொல்வது இருக்கட்டும், அண்ணி. இரவெல்லாம் கண்விழித்து வரும் பெண், பகலில் ஒரு மணி நேரம் உறங்க இடமில்லாமல் தவிப்பதை நான்தானே பார்க்கிறேன். பெற்றோரை விட்டுப் போய்ப் புதுக் குடும்பம் அமைப்பதைப் பற்றித்தானே அவர்கள் திருமணத் திருப்பலியில் வாசித்தார்கள்? அடுப்பு இரண்டானால் செபமும் இரண்டாகிவிடுமா?"

சகோதரியார் விடை கூறவில்லை. சில நாட்கள் வீட்டில் பேச்சுக் குறைந்தது. உண்மையில் இருதரப்பும் அன்பினாலேயே பேசின. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கடினமாயிருந்தது. அந்த நாட்களில் ஒரு மாலை, நம் மேசைமேல் கிடந்த வார்ப்பிரும்பு வளையத்தைச் சகோதரியார் கையிலெடுத்து, "உடைந்துபோனதை ஏன் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். அது உடைந்ததன்று, அறுக்கப்பட்டது என்று கூறி, அதனைச் சிலிண்டருக்குள் இட்டு, அது எவ்வாறு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறது என்பதைக் காட்டினோம். முழு வளையம் ஒன்றையும் கொடுத்தோம். அது உள்ளே செல்லவே மறுத்தது. அவர் இரண்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உவமை எதுவும் நாம் உரைக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

அடுத்த மாதம் பங்குக் குருவானவர் வந்து அச்சிறு வீட்டை மந்திரித்தார். இயேசுவின் திரு இருதயப் படத்தைச் சுமந்துகொண்டு முன்னே நடந்தவர் நம் சகோதரியாரே. பால் காய்ச்சியதும் அவர் கையால்தான்.

இன்று யாவும் செம்மையாக நடக்கின்றன என்று எழுதினால் அது உண்மையாகாது. ஞாயிறு திருப்பலிக்குப் பின் அனைவரும் நம் இல்லத்தில் உண்பது என்று முடிவு செய்தோம். மருமகளின் பணி முறையால் மூன்றில் ஒரு ஞாயிறு அது தவறிவிடுகிறது. மாலைச் செபமாலையின்போது பேரனின் மழலைக் குரல் கேளாத நாட்களில் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. சகோதரியாரின் பெருமூச்சும் காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் மருமகள் இரவுப் பணி முடித்து, நன்கு உறங்கி எழுந்து, மாலையில் மீன் குழம்புக் கிண்ணத்தோடு தானாகவே நம் வாசலில் வந்து நிற்கும்போது, அவள் முகத்தில் உள்ள தெளிவு முன்பு நாம் காணாதது. வரவேண்டுமே என்று வருவதற்கும், வர விரும்பி வருவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சகோதரியாரும் உணர்ந்திருக்கிறார்.

முற்றிலும் கசியாத பிஸ்டன் உலகில் இல்லை. எத்துணைச் செம்மையாகச் செய்த வளையத்தின் வழியாகவும் சிறிது நீராவி தப்பவே செய்யும். நன்றாக ஓடும் பொறியில் அக்கசிவை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதனை அடியோடு ஒழிக்க எண்ணி மேலும் மேலும் நெருக்குபவர், இறுதியில் ஓடாத பொறி ஒன்றையே பெறுவார்.

ஒன்று மட்டும் குறையக் கூடாது, அது எண்ணெய். சிறு பொறிகளில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று நீராவிக் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனுள் புகும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் துளித் துளியாக எழுந்து நீராவியோடு கலந்து சிலிண்டருக்குச் செல்லும். அத்துளிகளை யாரும் காண்பதில்லை. அவை நின்றுவிட்டால், மிகச் சிறந்த வளையமும் சில மணி நேரத்தில் சுவரைக் கீறிவிடும். பத்துக் கன்னியர் உவமையில் ஆண்டவர் எண்ணெயைப் பற்றிக் கூறியதன் பொருள் பல. குடும்பங்களுக்கு அதன் பொருள் இன்சொல்லும், நாள்தோறும் ஒருவருக்காக ஒருவர் செய்யும் செபமுமே என்று நாம் கொள்கிறோம். தனி வீட்டில் வாழும் பிள்ளைகளும், பழைய வீட்டில் வாழும் பெற்றோரும் அந்த எண்ணெயைத் தத்தம் கிண்ணத்தில் குறையாது வைத்திருப்பார்களாயின், இடையே உள்ள தெருவின் அகலம் எவரையும் பிரித்துவிடாது.